முகம் பார்க்கும் மாதங்கள்: கைக்குழந்தையின் சமூகக் கவனமும் திருப்பூரில் ஆட்டிசத்தை இனங்காணுதலும்

பிறந்த சில மணி நேரத்திலேயே குழந்தை முகத்தை நாடத் தொடங்கிவிடுகிறது. கண், மூக்கு, வாய் என்ற வரிசையில் படம் வரைந்த அட்டையைப் பச்சிளங்குழந்தையின் முன் மெல்ல நகர்த்தினால் அதன் கண்ணும் தலையும் பின்தொடர்கின்றன. அதே உறுப்புகளை இடம் மாற்றிக் கலைத்துப் போட்ட அட்டையை அது அவ்வளவு தூரம் பின்தொடர்வதில்லை. 1970களிலிருந்து திரும்பத் திரும்பச் செய்து பார்க்கப்பட்ட சோதனை இது. இரண்டாம் மாதத்தை ஒட்டிக் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கிறது. ஒன்பது மாத வாக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறது. ஓராண்டை எட்டும்போது பெரியவர் பார்க்கும் திசையில் தானும் பார்க்கிறது. அதன்பின் தான் கண்ட காக்கையையோ பஸ்ஸையோ விரலால் சுட்டி, எதிரிலிருப்பவரும் பார்த்தாரா என்று அவர் முகத்தையும் பார்த்துக்கொள்கிறது. இந்தத் தொடர் முழுவதையும் உளவியலார் சமூகக் கவனம் என்பர்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் இந்தத் தொடர் எந்தக் கட்டத்தில் விலகுகிறது என்பது கடந்த முப்பது ஆண்டுகளாக ஆராயப்பட்டுவரும் கேள்வி. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் ஆய்வகங்களில் கிடைத்த விடை, தாயும் தந்தையும் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு வேலை பார்க்கும் திருப்பூரில் எந்த அளவுக்குப் பயன்படும் என்பது அடுத்த கேள்வி. அந்த விடை ஒரு நாளின் பார்வையைப் பற்றியதன்று, மாதங்களினூடே நிகழும் மாற்றத்தைப் பற்றியது. ஆகவே திருப்பூரின் முதன்மையான பற்றாக்குறை கருவியில் இல்லை. ஒரே குழந்தையை மாதக்கணக்கில் தொடர்ந்து பார்த்துச் சொல்லும் ஆள் வாய்ப்பதில்தான் இருக்கிறது. இக்கட்டுரை முன்வைக்கும் வாதம் இதுவே.

பிறந்தநாள் வீடியோவிலிருந்து கண்ணசைவுக் கருவி வரை

லியோ கானர் 1943இல் 11 குழந்தைகளை விவரித்து ஆட்டிசத்துக்கு மருத்துவ வரையறை தந்தபோதே, அவர்களின் தனிமை பிறப்பிலிருந்தே இருப்பது என்று கருதினார். ஆனால் குழந்தை மருத்துவரிடம் வரும்போது இரண்டு மூன்று வயதாகிவிடும். அதற்கு முந்தைய காலம் பெற்றோரின் நினைவில் மட்டுமே இருக்கும். நோயின் பெயர் தெரிந்தபின் நினைவும் அதற்கேற்ப வளைந்துகொடுக்கும். இந்தச் சிக்கலைக் கடக்க ஜூலி ஆஸ்டர்லிங், ஜெரால்டின் டாசன் இருவரும் 1994இல் எளிய வழி ஒன்றைக் கையாண்டனர். பின்னாளில் ஆட்டிசம் என்று உறுதியான 11 குழந்தைகள், இயல்பாக வளர்ந்த 11 குழந்தைகள் ஆகியோரின் முதல் பிறந்தநாள் வீடியோக்களை வாங்கிப் பார்த்தனர். பிறர் முகத்தைப் பார்ப்பது, பொருளைக் காட்டுவது, சுட்டுவது, பெயருக்குத் திரும்புவது ஆகிய நான்கும் இரு குழுக்களையும் பெருமளவு பிரித்துக் காட்டின. முகம் பார்ப்பதே அவற்றில் வலுவான அடையாளமாக இருந்தது.

அடுத்த கட்டம் இளைய உடன்பிறப்பு ஆய்வுகள். மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கும் வரும் வாய்ப்பு கூடுதல். சாலி ஓசோனாஃப் குழுவினர் 2011இல் 664 குழந்தைகளை வைத்து அதை 18.7 சதவீதம் என்று கணக்கிட்டனர். பிறந்ததிலிருந்தே இக்குழந்தைகளைப் பின்தொடர்ந்தால், யாருக்கு ஆட்டிசம் என்று தெரிவதற்கு முன்பே பதிவுகள் கையில் இருக்கும்.

இவ்வகையில் அதிகம் பேசப்பட்டது 2013இல் ‘நேச்சர்’ இதழில் வாரன் ஜோன்ஸ், அமி கிளின் வெளியிட்ட ஆய்வு. கைக்குழந்தையை இருக்கையில் சாய்த்துப் படுக்கவைத்து, எதிரே திரையில் ஒரு பெண் குழந்தையைக் கொஞ்சிப் பேசும் காட்சியை ஓடவிடுகின்றனர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி குழந்தையின் விழியில் பட்டுத் திரும்புகிறது. அந்தப் பிரதிபலிப்பிலிருந்து குழந்தை திரையில் எந்த இடத்தைப் பார்க்கிறது என்று கருவி கணிக்கிறது. கண், வாய், உடல், பின்னாலுள்ள பொருள் எனத் திரை நான்கு பகுதிகளாகக் கொள்ளப்பட்டு, ஒவ்வொன்றிலும் பார்வை தங்கிய நேரம் கூட்டப்படுகிறது. 2 மாதம் முதல் 24 மாதம் வரை ஒவ்வொரு குழந்தையும் பத்து முறை இவ்வாறு சோதிக்கப்பட்டது.

ஆட்டிசம் உறுதியான குழந்தைகள் 2 மாதத்தில் கண்ணைப் பார்ப்பதில் எவ்விதக் குறையும் காட்டவில்லை. அவர்கள் மற்றவர்களைப் போலவே பார்த்தனர். அதன்பின் 2 மாதத்துக்கும் 6 மாதத்துக்கும் இடையில் அந்த நேரம் சரியத் தொடங்கியது. 24 மாதத்தில் இயல்பான குழந்தைகளின் அளவில் ஏறத்தாழப் பாதிக்கு வந்துவிட்டது. பிறவியிலேயே முகத்தை நாடாத குழந்தை என்ற கானரின் சித்திரம் இங்கே திருத்தம் பெறுகிறது. தொடக்கத்தில் இருந்த ஒன்று தொடர்ந்து வளராமல் தேய்கிறது. பிறவியில் வரும் அனிச்சையான முகநாட்டம் ஓய்ந்து, மூளைப் புறணி ஆளும் விருப்பப் பார்வை அந்த இடத்தைப் பிடிக்கும் பருவம் இதுவே என்பதால், அந்தக் கைமாற்றத்தில்தான் பிசகு நேர்கிறது என்பது ஜோன்ஸ், கிளின் இருவரின் விளக்கம்.

இடறும் சான்றுகள்

இந்த முடிவை அப்படியே வாங்கிக்கொள்ள முடியாது. ஆய்வில் இருந்தவர்கள் 110 குழந்தைகள். அவர்களில் ஆட்டிசம் உறுதியானவர்கள் 13 பேர். முதன்மைப் பகுப்பாய்வு நின்றது 11 ஆண் குழந்தைகளின் மீது. ஓசோனாஃப் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், 6 மாதத்தில் முகம் பார்ப்பதிலும் சிரிப்பதிலும் இரு குழுக்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. அதற்குப் பிறகே சரிவு தென்பட்டது. மாயாடா எல்சபா குழுவினர் பல பொருள்களுக்கு நடுவே ஒரு முகத்தை வைத்துக் காட்டியபோது, பின்னாளில் ஆட்டிசம் உறுதியான குழந்தைகளும் மற்றவர்களைப் போலவே முகத்தின் பக்கம் திரும்பினர். ஆனால் அதே குழுவினர் 2012இல் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தபோது, எதிரிலுள்ளவர் கண் தன்னை நோக்குவதற்கும் விலகுவதற்கும் மூளை தரும் மறுமொழி 6 முதல் 10 மாதத்திலேயே வேறுபட்டிருந்தது.

இவை ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றினாலும் அளந்தவை வேறு வேறு. முகத்தின் பக்கம் திரும்புவது வேறு, திரும்பியபின் கண்ணில் தங்குவது வேறு, அந்தப் பார்வையை மூளை எதுவாகக் கொள்கிறது என்பது வேறு. எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் நிலையாக நிற்பது ஒரே செய்திதான்: வெறும் கண்ணால் 6 மாதத்துக்கு முன் எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது. 9 முதல் 18 மாதத்துக்குள் பெயருக்குத் திரும்புதல், சுட்டுதல், சேர்ந்து பார்த்தல் ஆகியவற்றில் வேறுபாடு வெளிப்படையாகிறது.

ஒரே ஒரு சோதனையை நம்புவதன் ஆபத்தைக் கணக்கே காட்டும். கண்ணசைவை அளந்து ஆட்டிசத்தைக் கணிக்கும் கருவி ஒன்றுக்கு அமெரிக்க அரசு 2022இல் அனுமதி தந்தது. 2023இல் வெளிவந்த 475 குழந்தைகளின் ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்களில் 71 சதவீதத்தினரை அது கண்டுபிடித்தது, இல்லாதவர்களில் 80.7 சதவீதத்தினரை இல்லை என்று சரியாகச் சொன்னது. ஏற்கெனவே சந்தேகத்தின் பேரில் சிறப்பு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளுக்கு இது கைகொடுக்கும். அதையே ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் வைத்தால்? நூறில் ஒருவருக்கு ஆட்டிசம் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் குழந்தைகளில் 10 பேரில் 7 பேரைக் கருவி பிடிக்கும். கூடவே ஆட்டிசம் இல்லாத 190 பேரையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிடும். தனியார் மையங்கள் இத்தகைய கருவியை ‘ஐந்தே நிமிடத்தில் ஆட்டிசப் பரிசோதனை’ என்று விளம்பரம் செய்யும் நாள் வந்தால் இந்தக் கணக்கைக் கையில் வைத்திருப்பது நல்லது.

பழி யார் மீது

சமூகக் கவனம் முதல் ஆண்டில் தேய்கிறது என்றதுமே எழும் அவசர முடிவு ஒன்று உண்டு: குழந்தையோடு யாரும் பேசிச் சிரிக்காததால்தான் தேய்ந்தது. புருனோ பெட்டல்ஹைம் 1967இல் இதையே ஒரு கோட்பாடாக எழுதி, அன்பற்ற தாயைக் காரணமாக்கினார். உயிரியல் காரணங்களை முன்வைத்து பெர்னார்ட் ரிம்லாண்ட் மூன்றாண்டு முன்னரே அத்தகைய எண்ணத்தை மறுத்திருந்தும், பழி பல ஆண்டு ஓயவில்லை. 1977இல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் இருவரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து பிறந்த 11 இணைகளில் 4இல் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. இரு கருவிலிருந்து பிறந்த 10 இணைகளில் ஒன்றில்கூட இல்லை. சமூகக் கவனத்துக்கே நேரடியான சான்று 2017இல் கிடைத்தது. திரையில் கண்ணைப் பார்க்கும் அளவு ஒரே கரு இரட்டையரிடம் 0.91 என்ற அளவுக்கு ஒத்துப்போனது, இரு கரு இரட்டையரிடம் 0.35 மட்டுமே. குழந்தை எங்கே பார்க்கிறது என்பதைப் பெரும்பாலும் மரபணு தீர்மானிக்கிறது.

விதிவிலக்கு போலத் தோன்றுவது ருமேனிய அனாதை இல்லங்களின் குழந்தைகள். கட்டிலிலேயே கிடத்தப்பட்டு, கவனிப்பாரின்றி வளர்ந்த அவர்களில் சிலரிடம் ஆட்டிசம் போன்ற போக்குகள் காணப்பட்டன; தத்தெடுக்கப்பட்ட பின் பலரிடம் அவை குறைந்தன. அது முழுமையான புறக்கணிப்பின் விளைவு. அம்மிச்சி (தாய்வழிப் பாட்டி) மடியிலும் பக்கத்து வீட்டுத் திண்ணையிலும் வளரும் குழந்தையை அதனோடு ஒப்பிடுவது அபத்தம்.

திருப்பூரில் பழி இரு வடிவில் வருகிறது: ‘அம்மா கம்பெனிக்குப் போனதால் பிள்ளை பேசவில்லை’, ‘செல்போன் கொடுத்ததால் இப்படி ஆகிவிட்டது’. செல்போன் பற்றி ஓரளவு சான்று உண்டு. ஜப்பானில் 84,030 தாய்-சேய் இணைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு (2022), ஒரு வயதில் திரை பார்க்கும் நேரத்துக்கும் மூன்று வயதில் ஆட்டிசம் கண்டறியப்படுவதற்கும் ஆண் குழந்தைகளிடம் தொடர்பு கண்டது. ஆனால் முகத்தை நாடாத குழந்தையை அமைதிப்படுத்தத் திரை எளிதாக இருப்பதாலும் இதே தொடர்பு வரும். எது முன், எது பின் என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. திரையைக் குறைப்பது நல்லதே. குறைத்தால் ஆட்டிசம் தீரும் என்று வாக்குக் கொடுப்பது மோசடி.

திருப்பூரில் ஒரு குழந்தையின் பகல்

காலை எட்டரைக்குத் தொடங்கும் வேலை இரவு எட்டரைக்கு முடிந்தால் ஒன்றரை ஷிப்டு. ஆர்டர் நெருக்கடியில் அதற்கு மேலும் நீளும். ஓவர்லாக், பிளாட்லாக் டெய்லர்கள், கைமடி, செக்கிங், பிசிறு வெட்டும் பெண்கள் எனப் பலருக்குக் கணக்கு பீஸ் ரேட், சம்பளம் சனிக்கிழமை. மதுரை, தேனி, திண்டுக்கல், ராமநாதபுரம் பக்கத்திலிருந்தும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்தும் வந்து காம்பவுண்டு லைன் வீடுகளில் தங்கியிருப்போர் ஏராளம்.

ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள பெண்ணுக்கு 26 வாரச் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு உண்டு. அதாவது ஆறு மாதம். பிரசவத்துக்கு முன்பே அதில் சில வாரம் கழிந்துவிடும் என்பதால், தாய் மெஷினுக்குத் திரும்பும்போது குழந்தைக்கு நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். ஆய்வகக் கருவியால் மட்டுமே காணக்கூடிய சரிவு தாய் உடனிருக்கும் மாதங்களில் நடக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் அவள் வேலைக்குத் திரும்பிய பிறகு வருகிறது. காண்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டில் வேலை செய்வோருக்கு அந்த ஆறு மாதமும் உறுதியில்லை. மறுபுறம், சிறு குழந்தை உள்ள பெண்கள் பலர் வீட்டுப் பொறுப்பால் கம்பெனி வேலையையே விட்டுவிடுவதை கிரேஸ் கார்ஸ்வெல் திருப்பூர் வட்டாரப் பெண்களைப் பற்றிய தம் கட்டுரையில் விரிவாகக் காட்டியிருக்கிறார். ஆகவே ‘திருப்பூர்த் தாய்’ என்று ஒரே வகையாகப் பேச முடியாது. வேலையை விட்டவளும் உண்டு. அம்மிச்சியை ஊரிலிருந்து வரவழைத்தவளும் உண்டு. குழந்தையை ஊரிலேயே விட்டுவிட்டுச் சனிக்கிழமை பணம் அனுப்புபவளும் உண்டு.

முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. 2017இன் மகப்பேறு நலத் திருத்தம் ஆண், பெண் பேதமின்றி 50 பேர் உள்ள நிறுவனத்துக்கே காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. காப்பகம் நடக்கும் இடத்திலும் குழந்தையை யார் தூக்கினார், பால் குடித்ததா, தூங்கியதா என்பதுதான் பதிவாகும். கூப்பிட்டால் திரும்புகிறதா என்பது யார் வேலையும் அல்ல.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. முகத்துக்கு முகம் வைத்துக் குழந்தையோடு பேசுவது எல்லாப் பண்பாட்டிலும் ஒரே அளவில் இல்லை. கென்யாவின் குசீ மக்களிடையே தாய்மார் கைக்குழந்தையின் நேர்ப்பார்வையைத் தவிர்ப்பதை ராபர்ட் லெவைன் குழுவினர் விவரித்தனர். உடலோடு அணைத்து வளர்ப்பதும் எதிரே வைத்துப் பேசுவதும் இருவேறு வளர்ப்பு முறைகள் என்று ஹெய்டி கெல்லர் காட்டினார். இடுப்பில் உட்காரும் குழந்தை தாயின் முகத்தைக் காட்டிலும் தெருவையே அதிகம் பார்க்கும். எனவே அமெரிக்க ஆய்வகத்தில் அளந்த விநாடிகளைக் கொண்டுவந்து இங்குள்ள குழந்தைக்கு வரம்பு வகுப்பது சரியாகாது. ஒரு குழந்தையை அதே குழந்தையின் முந்தைய மாதத்தோடு ஒப்பிடுவதற்கு இந்தத் தடை பெரும்பாலும் இல்லை.

எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது

டமாரா டேலி இந்திய நகரங்களில் 95 குடும்பங்களிடம் திரட்டி 2004இல் வெளியிட்ட ஆய்வில் குறிப்பிடத்தக்க செய்தி ஒன்று உண்டு. அமெரிக்கப் பெற்றோர் பெரும்பாலும் பேச்சுத் தாமதத்தை முதலில் கவனிக்க, இந்தியப் பெற்றோர் முதலில் கவனித்தது பழகுவதில் உள்ள குறையை. ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்ற நம்பிக்கை பேச்சுத் தாமதத்தை மறைத்துவிடுகிறது. யாரிடமும் ஒட்டாத குழந்தை கூட்டுக் குடும்பத்தின் கண்ணுக்குத் தப்புவதில்லை. சமூகக் கவனம் பற்றிய கேள்விகளுக்கு இங்கே விடை சொல்லும் திறன் ஏற்கெனவே இருக்கிறது என்பதே இதன் பொருள்.

கேள்வி சரியாக இருக்க வேண்டும். பெயருக்குத் திரும்புகிறதா என்ற சோதனை மிக எளியது. குழந்தை ஏதாவது பொருளோடு உட்கார்ந்திருக்கும்போது பின்னாலிருந்து சாதாரணக் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சற்றுப் பொறுத்து, மீண்டும் கூப்பிட வேண்டும். அங்கன்வாடிப் பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பல குழந்தைகள் திரும்பா. வீட்டில் அதன் பெயர் பாப்பா, தங்கம், குட்டி. ஒடிசாக் குடும்பத்துக் குழந்தைக்கு அது வேறொன்றாக இருக்கும். கைதட்டுவதும் நாக்கால் ஒலியெழுப்புவதும் பெயரைக் கூப்பிடுவதாகாது. திரும்பாத குழந்தைக்கு முதலில் காது கேட்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பிறவிச் செவிக்குறையை ஆட்டிசம் என்று கொள்வதும், ஆட்டிசத்தைச் செவிக்குறை என்று கொள்வதும் இரண்டுமே நடக்கின்றன. வீட்டில் ஒரு மொழியும் காம்பவுண்டில் இன்னொரு மொழியும் கேட்பதால் பேச்சு வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவதும் கூடாது. இருமொழிச் சூழல் ஆட்டிசத்தை மோசமாக்குவதாக ஆய்வுகள் காணவில்லை.

சுட்டுதலுக்குத் தமிழ் வழக்கிலேயே ஒரு களம் உண்டு. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் செங்கீரை, சப்பாணி முதலியவை உடலசைவைச் சேர்ந்தவை. அம்புலிப் பருவம் தொலைவிலுள்ள ஒன்றைப் பெரியவரும் குழந்தையும் சேர்ந்து பார்ப்பது. பாட்டியல் நூல்கள் இப்பருவங்களுக்குத் தரும் மாதக்கணக்கை வளர்ச்சி அளவுகோலாகக் கொள்ள முடியாது. ஆனால் சோறூட்டும்போது நிலாவைக் காட்டினால் குழந்தை விரலைப் பார்க்கிறதா, நிலாவைப் பார்க்கிறதா, மறுபடி ஊட்டுபவரின் முகத்துக்கு வருகிறதா என்று ஒன்றரை வயதில் அம்மிச்சியிடம் கேட்டால் உடனே பதில் வரும். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்காக உலகெங்கும் பயன்படும் எம்-சாட் வினாத்தாளின் 20 கேள்விகளில் பல இதே பொருளைத்தான் வேறு சொற்களில் கேட்கின்றன.

கேட்க வேண்டிய நேரமும் ஏற்கெனவே அமைந்திருக்கிறது. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் 9 மாதத்தில் தட்டம்மை-ரூபெல்லா முதல் தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாம் தவணை. பெயருக்குத் திரும்புதலும் சுட்டுதலும் முறையே தெளிவாகத் தெரியும் மாதங்களும் இவையே. தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். கிராம சுகாதார செவிலியர் கையில் குழந்தையின் அட்டை இருக்கும். 6, 10, 14 வாரத் தவணைகளில் முகம் பார்த்துச் சிரிக்கிறதா என்று ஒரு வரி, 9 மாதத்தில் பெயருக்குத் திரும்புகிறதா என்று ஒரு வரி, ஒன்றரை வயதில் சுட்டுகிறதா, முன்பு செய்தது எதையாவது விட்டுவிட்டதா என்று இரண்டு வரி அந்த அட்டையிலேயே எழுதப்பட்டால், தாய் ஷிப்டில் இருந்தாலும், குடும்பம் பொங்கலுக்கு ஊர் போய் வேறு காம்பவுண்டுக்கு மாறினாலும் தொடர்ச்சி அறுந்துபோகாது. குழந்தையை அன்று தூக்கி வந்தவர் பகலில் வளர்ப்பவரா என்று செவிலியர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். சம்பளம் பிடிப்பார்கள் என்று அவசரமாக வந்துபோகும் தந்தை ‘எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது’ என்பார். பகலெல்லாம் வைத்திருக்கும் பாட்டியின் பதில் வேறாக இருக்கலாம்.

கண்டறிந்த பின்

அரசின் ஏற்பாடுகள் தாளில் போதுமான அளவு இருக்கின்றன. 30 வகைக் குறைபாடுகளைத் தேட 2013இல் தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் தொடங்கியது. ஆட்டிசமும் அதில் உண்டு. சந்தேகத்துக்குரிய குழந்தைகளை மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 வகைகளில் ஒன்றாக ஏற்றது. சிக்கல் அந்த மையம் தரும் பயிற்சியின் நேரத்தில் இருக்கிறது. மையம் திறந்திருப்பது வேலை நாளில், வேலை நேரத்தில். வாரம் இருமுறை குழந்தையைக் கூட்டிப்போகும் டெய்லர் இழப்பது இரண்டு நாள் பீஸ். மூன்றாவது வாரத்தில் வருகை நின்றுவிடுவதற்கு அறியாமையைக் காரணம் சொல்வது எளிது.

முதல் ஆண்டிலேயே பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வு (2021) நம்பிக்கை தருவது. 9 முதல் 14 மாதத்தில் ஆரம்ப அடையாளங்கள் காட்டிய 103 குழந்தைகளில், பயிற்சி பெற்ற குழுவில் மூன்று வயதில் ஆட்டிச அளவுகோலை எட்டியவர்கள் ஏறத்தாழ 7 சதவீதம், மற்றக் குழுவில் 21 சதவீதம். எண்ணிக்கை சிறியது; ஆட்டிசம் தடுக்கப்பட்டது என்று இதைப் படிப்பதும் தவறு, பழகும் திறன் மேம்பட்டது என்பதே பொருத்தமான வாசிப்பு.

திருப்பூருக்கு நெருக்கமான முன்மாதிரி கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்து 2016இல் வெளிவந்தது. சிறப்புப் பட்டம் இல்லாத களப்பணியாளர்கள் 65 குழந்தைகளின் குடும்பங்களில் ஒரு பாதிக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுத்தனர். தாய் குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அவர் குழந்தையின் பார்வையைப் பின்தொடர்ந்து பேசிய நொடியை அவருக்கே காட்டுவது அதன் மையம். பெற்றோர் குழந்தைக்கு இசைந்து பேசுவதும், குழந்தை தானாகத் தொடங்கும் பரிமாற்றமும் கூடின. ஆனால் இருவரும் ஒன்றில் சேர்ந்து கவனம் வைக்கும் நேரம் குறைந்தது. இந்த எதிர்பாராத முடிவை ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதியது பாராட்டுக்குரியது. ஒரு திறனைக் கூட்டும் பயிற்சி எல்லாத் திறனையும் ஒரேயடியாகக் கூட்டாது என்பதைத் தமிழ்நாட்டில் இதைத் தொடங்குவோர் முதலிலேயே பெற்றோரிடம் சொல்ல வேண்டியிருக்கும். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியின் அமர்சேவா சங்கம் கிராமங்களில் நடத்திவரும் ஆரம்ப இடையீட்டுத் திட்டமும் மையத்துக்கு வெளியே வீட்டை நோக்கிச் செல்வது. காம்பவுண்டு வீடுகளில் இதைச் செய்ய வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமையும் இரவு எட்டரைக்குப் பிந்தைய நேரமும்தான் மிஞ்சும். அல்லது பயிற்சியைத் தாய்க்கு மட்டும் என்று வைக்காமல், பகலில் குழந்தையை வைத்திருக்கும் பாட்டிக்கும் காப்பக ஆயாவுக்கும் கொடுக்க வேண்டும். செலவிலும் இதுவே குறைந்தது.